ஒரு சொல்லை நம்பி அமைந்த பாதை

விழா மலர் ஒன்றைப் புரட்டினால், அடிக்கல் நாட்டிய நாள், கோபுரம் எழுந்த ஆண்டு, மணி வாங்கிய விலை, நன்கொடையாளர் பட்டியல் ஆகியவை வரிசையாய் வருவது வழக்கம். அவை யாவும் காத்து வைக்க வேண்டிய செய்திகளே. எனினும் பொதுப்பணி கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுவது மட்டுமன்று. அடிக்கல் இல்லாமல், கூரை இல்லாமல், கதவும் பூட்டும் இல்லாமல், எளிய மக்கள் தம் ஓய்வு நாட்களைக் கொடுத்து உருவாக்கிய பொதுச் சொத்து ஒன்று உண்டு. அதன் வரலாற்றை இம்மலரில் நம் பங்கு மக்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள புரூஸ் பாதையே அது.

தெற்கே நயாகரா ஆற்றங்கரையிலுள்ள குவீன்ஸ்டன் என்னும் சிற்றூரில் இப்பாதை தொடங்குகிறது. வடக்கே ஹியூரன் ஏரியும் ஜார்ஜிய விரிகுடாவும் சேரும் முனையில், டோபர்மோரி என்னும் துறைமுகச் சிற்றூரில் முடிகிறது. இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். இதிலிருந்து பிரியும் கிளைப்பாதைகள் மேலும் 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வண்டிக்கோ குதிரைக்கோ சைக்கிளுக்கோ இங்கே இடமில்லை. காலால் நடப்போருக்கு மட்டுமே உரிய வழி. நடப்பதற்குக் கட்டணமும் இல்லை.

அரசு போட்ட சாலை அன்று இது. செல்வந்தர் எவரும் எழுதி வைத்த அறக்கட்டளையும் அன்று. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, கதவைத் தட்டி, "உங்கள் தோட்டத்தின் ஓரமாக மக்கள் நடந்து செல்ல அனுமதிப்பீர்களா?" என்று கேட்டுக் கேட்டு அமைத்த பாதை. ஆகவேதான் இதன் வரலாறு நம் கவனத்துக்கு உரியதாகிறது.

மலைமுகடும் மக்களும்

நயாகரா அருவியின் புகழை நாம் அனைவரும் அறிவோம். அவ்வருவி எந்தப் பாறை விளிம்பிலிருந்து வீழ்கிறதோ அந்த விளிம்பு அருவியோடு முடிந்துவிடுவதில்லை. ஒண்டாரியோ மாகாணத்தின் குறுக்கே அது 725 கிலோமீட்டர் தொலைவுக்கு நீண்டு செல்கிறது. நயாகரா செங்குத்துச் சரிவு என்பது இதன் பெயர். நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கிருந்த கடலின் அடியில் படிந்த வண்டலே இன்று பாறையாகி நிற்கிறது. மேலே டோலமைட் என்னும் கடினமான பாறை. கீழே எளிதில் கரையும் மென்மையான களிப்பாறை. அடிப்பகுதி கரையக் கரைய மேற்பகுதி உடைந்து விழுவதால், சுவர் எழுப்பியது போன்ற செங்குத்தான முகப்பு உண்டாயிற்று. இப்பாறைகளின் இடுக்குகளில் வளைந்தும் குறுகியும் நிற்கும் சில வெண்தேவதாரு மரங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்பதை 1980-களின் இறுதியில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆள் உயரம்கூட வளராத மரம், பல பேரரசுகளின் வயதைத் தாண்டி நின்றது.

இந்த நிலம் ஆளில்லாத நிலமாக இருந்ததில்லை. வடபகுதியில் உள்ள புரூஸ் தீபகற்பம் சாகீன் ஓஜிப்வே மக்களின் தாயகம். 1854-ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கையின் வழியே அதன் பெரும்பகுதி அவர்கள் கையைவிட்டுச் சென்றது. இன்றும் கேப் குரோக்கர் பகுதியில் அம்மக்களின் நிலத்தினூடே புரூஸ் பாதை செல்கிறது. பாதையின் வரலாற்றை எழுதுவோர் இந்த முதல் உரிமையாளரை மறந்துவிட்டுத் தொடங்குவது முறையாகாது.

பின்னர் குடியேறிய உழவர்களுக்குத் தீபகற்பம் எளிதில் சோறு போடவில்லை. மண் ஆழமில்லாதது, கலப்பை பாறையில் இடித்தது. மரம் வெட்டும் தொழில் சில பத்தாண்டுகள் வாழ வைத்தது. காடு தீர்ந்ததும் அத்தொழிலும் தேய்ந்தது. ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்தோரையும் விதி விடவில்லை. கப்பல் கால்வாய்கள் வழியாகப் பேரேரிகளுக்குள் நுழைந்த கடல் லாம்ப்ரே என்னும் இரத்தம் உறிஞ்சும் உயிரினம், 1940-களில் ஹியூரன் ஏரியின் டிரவுட் மீன் வளத்தைச் சீரழித்தது. இளைஞர்கள் தெற்கே உள்ள ஆலை நகரங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். ஊர்கள் சிறுத்தன. பாதை வந்து சேர்ந்தது இத்தகைய ஊர்களுக்குத்தான்.

நால்வர் கூடிய கூட்டம்

ஹாமில்டன் நகரின் உருக்காலை ஒன்றில் உலோகவியல் பணியில் இருந்தவர் ரே லோஸ். இயற்கையில் நாட்டமுள்ளவர். 1959-ஆம் ஆண்டில் ராபர்ட் பேட்மன் என்னும் நண்பருடன் உரையாடுகையில், இச்சரிவின் விளிம்பை ஒட்டித் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நடைபாதை அமைந்தால் என்ன என்ற எண்ணத்தை அவர் வெளியிட்டார். பேட்மன் அக்காலத்தில் பள்ளி ஆசிரியர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற விலங்கு ஓவியர். ஒண்டாரியோ இயற்கை ஆர்வலர் கூட்டமைப்பிடம் இந்த எண்ணம் எடுத்துச் செல்லப்பட்டது. 1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் புரூஸ் பாதைக் குழுவின் முதற்கூட்டம் நடந்தது. குழுவில் இருந்தவர்கள் நால்வரே: ரே லோஸ், பிலிப் காஸ்லிங், நார்மன் பியர்சன், ராபர்ட் மக்லாரன்.

அவர்களுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அண்டை நாடான அமெரிக்காவில் 1921-இல் பென்டன் மக்கே முன்மொழிந்த அப்பலாச்சியப் பாதை, தொண்டர் சங்கங்களின் உழைப்பால் 1937-இல் நிறைவேறியிருந்தது. ஆனால் ஒண்டாரியோவின் நிலைமை வேறு. சரிவின் பெரும்பகுதி தனியார் நிலம்: பழத்தோட்டம், மேய்ச்சல் புல்வெளி, மரச்சோலை, குடிசை மனை. நான்கு பேரிடம் நிலம் வாங்கப் பணமும் இல்லை. கட்டாயப்படுத்தும் அதிகாரமும் இல்லை. கேட்பதற்கு வாய் ஒன்றே இருந்தது.

1962-இல் பிலிப் காஸ்லிங்கின் தலைமையில் ஒரு குழு அந்த வேலையைக் கையில் எடுத்தது. சரிவை ஒட்டிய ஊர் ஒவ்வொன்றுக்கும் சென்று, வீடு வீடாகக் கதவைத் தட்டி, நிலத்துக்கு உரியவரிடம் பேசினார்கள். ஒத்துக்கொண்டவரோடு பத்திரம் எழுதவில்லை. முத்திரைத் தாள் வாங்கவில்லை. கைகுலுக்கினார்கள், அவ்வளவே. அந்தக் கைகுலுக்கலே பாதைக்கு அடிக்கல் ஆயிற்று என்றால் மிகையாகாது.

நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாடு மேயும் வயலின் நடுவே முன்பின் அறியாதவர் நடந்து போக எவர் மனம் ஒப்பும்? வேலிக் கதவைத் திறந்து போட்டுவிட்டால் மாடு சாலைக்குப் போகும். நாய் ஒன்று அவிழ்ந்து ஓடினால் ஆடுகள் சிதறும். பிடித்தெறிந்த சிகரெட் ஒன்று காய்ந்த புல்லில் விழுந்தால் ஆண்டு முழுவதும் பட்ட பாடு ஒரு மணி நேரத்தில் சாம்பலாகும். இவ்வளவும் அறிந்த உழவர்கள் "சரி, போங்கள்" என்றார்கள். புரூஸ் பாதையின் முதல் நன்கொடையாளர்கள் அவர்களே. அவர்கள் பெயரைத் தாங்கிய கல்வெட்டு பாதையோரத்தில் எங்கும் இல்லாவிடினும், அவர்கள் கொடுத்தது பெரிது.

கைகள் செய்த வேலை

1963-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் புரூஸ் பாதைச் சங்கம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. பாதை முழுவதையும் ஒரே அலுவலகத்திலிருந்து நடத்துவது இயலாதென்று உணர்ந்து, வட்டாரந்தோறும் கழகங்களை ஏற்படுத்தினார்கள். இன்று தெற்கிலிருந்து வடக்காக ஒன்பது கழகங்கள் உள்ளன: நயாகரா, இரோகுவோயா, டொரண்டோ, காலிடன் ஹில்ஸ், டஃபரின் ஹைலண்ட், புளூ மௌண்டன்ஸ், பீவர் வேலி, சிடன்ஹம், பெனின்சுலா. தத்தம் பகுதியில் நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெறுவது, வழியைச் செப்பனிடுவது, ஆண்டாண்டும் பேணுவது யாவும் அந்தந்தக் கழகத்தின் பொறுப்பு. ஊர்க்காரர்களைத் தெரிந்தவர்களே ஊர்க்காரர்களிடம் பேசுவது நல்லது என்ற அனுபவ அறிவு இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது.

வேலை என்னவென்றால், பார்வைக்குச் சிறியது, செய்வதற்குப் பெரியது. சனிக்கிழமை காலையில் ரம்பமும் கத்தரியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தொண்டர்கள் புறப்படுவார்கள். விழுந்த மரத்தை அறுத்து அகற்ற வேண்டும். முள்ளையும் நச்சுக்கொடியையும் ஒதுக்க வேண்டும். சதுப்பு நிலத்தில் பலகை பதிக்க வேண்டும். ஓடையின் மேல் சிறு பாலம் கட்ட வேண்டும். வேலி குறுக்கிடும் இடத்தில் கம்பியை வெட்டுவதில்லை. வேலியின் இருபுறமும் சாய்ந்து நிற்கும் மர ஏணி ஒன்றை அமைப்பார்கள். மனிதர் ஏறி இறங்கலாம்; மாடு தாண்ட முடியாது. நிலத்துக்காரர் அமைதியாகத் தூங்குவதற்கு அந்த ஏணி பெரிதும் உதவியது.

வழியை அடையாளம் காட்டும் முறையும் எளியது. மரத்தண்டில் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் அகலமும் பதினைந்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள வெள்ளைப் பட்டை தீட்டப்படும். ஒரு பட்டை என்றால் நேரே செல்க. ஒன்றன்மேல் ஒன்றாக இரு பட்டைகள் என்றால் வழி திரும்புகிறது. மேற்பட்டை எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். கிளைப்பாதைக்கு நீலப் பட்டை. எழுத்தறியாதவரும், மொழி தெரியாத அயல்நாட்டாரும், சிறு பிள்ளையும் இதைப் படிக்கலாம். 900 கிலோமீட்டரும் இவ்வாறு கையால் தீட்டப்பட்டு, மங்கும்போதெல்லாம் மறுபடியும் கையால் தீட்டப்படுகிறது.

ஏழாண்டு உழைப்பின் பயனாக, 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம், டோபர்மோரியில் வடமுனையைக் குறிக்கும் கற்குவை திறந்து வைக்கப்பட்டது. கனடா கூட்டாட்சியின் நூற்றாண்டு விழா நடந்த ஆண்டு அது. பெரிய நகரங்கள் கண்காட்சி அரங்குகளும் மண்டபங்களும் கட்டி விழா எடுத்தன. தொண்டர்கள் நாட்டுக்கு ஒரு பாதையைக் கொடுத்தார்கள்.

சொல் முறிந்த காலம்

இத்துடன் கதையை முடித்துவிட்டால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் உண்மையாக இராது. கைகுலுக்கலுக்கு ஒரு குறை உண்டு. கொடுத்தவர் மனம் மாறினால் அது முடிந்தது. நிலம் விற்கப்பட்டால், வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. தந்தை சொன்ன சொல்லை மகன் காக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 1970-களில் பட்டணத்தார் பலர் கிராமப்புற நிலங்களை வாங்கி வீடு கட்டினார்கள். வீட்டு முற்றத்தருகே அந்நியர் நடப்பதை அவர்களுள் பலர் விரும்பவில்லை. நடப்போருள் சிலர் குப்பை போட்டதும், வேலிக் கதவைத் திறந்து விட்டதும் பழைய நிலத்துக்காரரையும் வருத்தின. எவராவது விழுந்து காலை முறித்துக்கொண்டு வழக்குத் தொடுத்தால் வீடு வாசல் போய்விடுமே என்ற அச்சமும் சேர்ந்தது.

மற்றொரு பெரும் பூசலும் அதே காலத்தில் எழுந்தது. கல் உடைக்கும் தொழில் சரிவைத் தின்றுகொண்டிருந்தது. 1960-களில் மில்டன் ஊரருகே சரிவின் முகத்தில் விழுந்த பெரும் பிளவு நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணிலேயே பட்டது. சரிவைக் காக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. முதலமைச்சர் ஜான் ரோபார்ட்ஸ் ஆட்சியில் லெனர்ட் கெர்ட்லர் தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை 1968-இல் வந்தது. 1973-இல் நயாகரா சரிவுத் திட்டமிடல், மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. நிலத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்பதை அரசு ஆணையம் முடிவு செய்யும் நிலை வந்தது. வடக்கே கிரே, புரூஸ் மாவட்டங்களின் உழவர்கள் இதைக் கசப்போடு எதிர்த்தார்கள். "எங்கள் பாட்டன் உழுத நிலத்தில் ஒரு கொட்டகை போட நாங்கள் பட்டணத்தானைக் கேட்க வேண்டுமா?" என்பதே அவர்கள் கேள்வியின் சாரம்.

அக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட முடியாது. சரிவு அழியாமல் இருப்பது எல்லாருக்கும் நன்மை. ஆனால் அதற்கான விலையை அங்கே குடியிருப்பவர் மட்டும் கொடுக்க வேண்டியிருந்தது. கோபம் வந்தவர் முதலில் மூடக்கூடியது தம் வேலியைத்தானே! அனுமதி விலக்கப்பட்ட இடங்களில் பாதை தார்ச்சாலை ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. காட்டு வழியில் தாம் தீட்டிய வெள்ளைப் பட்டையின் மேல் தாமே பழுப்பு வண்ணம் பூசி மறைத்துவிட்டு, தொண்டர்கள் சாலைக் கம்பங்களில் புதிதாகத் தீட்டினார்கள். வாதாடவில்லை. "இதுவரை விட்டதற்கு நன்றி" என்று சொல்லி விலகுவதே அவர்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. பல இடங்களில் பாதை பின்னாளில் மீண்டும் காட்டுக்குள் திரும்பியது என்றால், அந்தப் பணிவுக்கும் அதில் பங்குண்டு என்று நாம் கருதுகிறோம்.

சட்டமும் சிறிது துணை செய்தது. 1980-இல் ஒண்டாரியோ சட்டமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. பொழுதுபோக்குக்கான பாதையில் கட்டணமின்றி நடப்பவர், அங்குள்ள இடர்களைத் தாமே ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார் என்றது ஒன்று. நிலத்துக்கு உரியவர் வேண்டுமென்றே தீங்கு செய்யாமலும், கண்மூடித்தனமாய் நடவாமலும் இருந்தால் போதும். அத்துமீறி நுழைதல் பற்றிய மற்றொரு சட்டம், உள்ளே வரக் கூடாது என்பதைச் சிவப்பு வட்டத்தாலும், குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் வரலாம் என்பதை மஞ்சள் வட்டத்தாலும் காட்ட வழி செய்தது. கொடுப்பவரின் அச்சம் நீங்கினால்தான் கொடை தொடரும் என்பதை அச்சட்டங்கள் உணர்ந்திருந்தன.

1985-இல் சரிவுத் திட்டம் இறுதி வடிவம் பெற்றது. 1987-இல் தீபகற்பத்தின் வடமுனையில் தேசியப் பூங்கா அமைந்தது. 1990-இல் ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ இச்சரிவை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. சங்கமும் நன்கொடை திரட்டி நிலத்தை விலைக்கு வாங்கியும், தானமாகப் பெற்றும் பாதையை நிலையாக்கத் தொடங்கியது. 2007-இல் தன் பெயரையே புரூஸ் பாதைப் பாதுகாப்பகம் என்று மாற்றிக்கொண்டது. இன்று பாதையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நிலையான பாதுகாப்பு பெற்றுள்ளது. எஞ்சிய பகுதி இன்னும் அந்தப் பழைய கைகுலுக்கலை நம்பியே நிற்கிறது.

சிற்றூர் கண்ட பயனும் பாடும்

பாதையால் ஊர்களுக்கு என்ன கிடைத்தது? தங்கும் வீடுகள், தேநீர்க் கடைகள், வண்டி ஓட்டுவோர் என்று சிறு வருவாய்கள் பெருகின. லயன்ஸ் ஹெட், வையர்டன், டோபர்மோரி போன்ற ஊர்களுக்கு வெளியூரார் வந்தனர். அதைவிடப் பெரிதாக நாம் எண்ணுவது வேறொன்று: பக்கத்து ஊரை அடுத்த மாவட்டம் என்று மட்டும் அறிந்திருந்தவர்கள், ஒரே பாதையின் தொண்டர்களாகி ஒருவரையொருவர் அறிந்தனர்.

பாடும் உண்டு. அண்மை ஆண்டுகளில், குறிப்பாக 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின், கூட்டம் மிகுந்து ஊரக வீதிகளில் கார்கள் அடைத்து நின்றன. சிற்றூராட்சிகள் அபராதம் விதிக்கவும் முன்பதிவு கேட்கவும் நேர்ந்தது. ஆயிரம் ஆண்டு மரத்தின் வேரை ஆயிரம் காலடிகள் மிதித்தால் மரம் என்னாகும் என்ற கவலையும் எழுந்துள்ளது. பாதை அமைப்பதைவிடப் பாதையைத் தாங்குவது கடினம் என்பதை அவர்கள் இப்போது கற்கிறார்கள்.

1983-க்குப் பின் டொரண்டோ வட்டாரத்தில் குடியேறிய தமிழர் குடும்பங்களுக்கும் இச்சரிவு தொலைவிலில்லை. காரில் ஒரு மணி நேரப் பயணம். அங்குள்ள உறவினரைக் காணச் செல்லும் நம்மவர், அப்பாதையில் ஒரு நாள் நடந்து வரலாம். போனால் ஒருவர் பின் ஒருவராக வயலோரம் நடக்கவும், திறந்த கதவை மூடவும், கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவரவும் மறவாதிருப்பார்களாக.

2017-இல் இப்பாதை தன் பொன்விழாவைக் கண்டது. முதற்கூட்டத்தில் இருந்தவர் நால்வர். இன்று தொண்டர்கள் 1,500-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதைக் காவலர் என்று ஒரு பிரிவினர் உண்டு. ஒருவருக்குச் சில கிலோமீட்டர் ஒதுக்கப்படும். பனி உருகியதும் அவர் தம் பகுதியை நடந்து பார்த்து, விழுந்ததை எடுத்து, மங்கியதைத் தீட்டிவிட்டு வருவார். அவர் முதியவரானால் மற்றொருவர் அந்தத் தூரிகையை வாங்கிக்கொள்வார். முழுப் பாதையையும் எவரும் தாங்குவதில்லை. தம் பங்கை விட்டுவிடுவதுமில்லை.

நம் மூத்தோர் கட்டித் தந்தவற்றை எண்ணி மகிழும் இவ்விழா நாளில், பத்திரமின்றி நிலம் தந்தவர்களையும், கூலியின்றி வழி வெட்டியவர்களையும் நாம் ஒருசேர நினைவுகூர்கிறோம். நம் ஊரிலும் பொதுவழிக்காக வரப்பை ஒதுக்கித் தந்தவர் இருப்பர். கிணற்றடிக்குப் போகும் பாதையைத் தம் வேலிக்குள்ளே விட்டவர் இருப்பர். அவர்கள் பெயரைக் கேட்டு எழுதி வைப்பது, அடுத்த விழா மலருக்கு நாம் செய்யக்கூடிய முதல் வேலை.